பெட்டி கடிக்காத ஆயுத பூஜை

அத்தியாயம் 14

ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி செய்து அனுப்பும் வெள்ளைத்துரைக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் ஷாக் அடிக்க வேண்டும். அடித்தால்தான் அடுத்த சீசன் நன்றாக இருக்கும் என்பது குடும்ப ஐதீகம்.

அந்த நாள் ஆயுத பூஜை. அடிக்க வேண்டியது, அவருடைய அப்பா செல்லச்சாமி விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபயர்.

கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்துத் திரும்பிய மகள் ஹர்ஷினியின் நீளமான கறுப்புப் பைக்குள் என்ன இருக்கிறதோ என்று வீடே கவலைப்பட்டதையும், அது கிடார் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டதையும் பார்த்தோம். அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் 'சிநேகிதி வீட்டுக்கு' என்று சொல்லிவிட்டு ஆமத்தூர் பஸ் ஏறியதையும் பார்த்தோம். வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெம்பக்கோட்டை சாலையில் இருக்கும் செல்லச்சாமி ஃபயர்ஒர்க்ஸின் ஆபீஸ் கட்டிடம், வெடிமருந்து ஷெட்டுகளிலிருந்து சட்டப்படி எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டுமோ அத்தனை அடி தள்ளி இருந்தது. நுழைந்ததும் கண்ணாடிப் பேழை. அதற்குள் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி. பேழைக்கு மேலே ஒரு பலகை:

'1962ஆம் ஆண்டு எம் தந்தையார் பெரும்பொருட் செலவில் சென்னையிலிருந்து வரவழைத்த இவ்வொலிபெருக்கியின் வாயிலாகவே தலைவர்கள் பலரும் விருதுநகர் மாவட்ட மக்களோடு உரையாடினர்.'

வாசகம் வெள்ளைத்துரையே எழுதியது. 1962இல் விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, அப்போது எல்லாம் இராமநாதபுரம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 'ஒலிவெடிச் செம்மல்' என்று பட்டம் வாங்கியவரிடம், அதுவும் தான் பொருளாளராக இருக்கும் சங்கத்திடமே வாங்கியவரிடம், யார் போய்ச் சொல்வது?

அப்பா காலமான வருடம் பூஜையில் பெட்டியை ப்ளக்கில் சொருகிச் சந்தனம் வைக்கப் போனார் வெள்ளைத்துரை. கை சுரீர் என்றது. அப்பா வந்துவிட்டார் என்று முடிவானது. அன்று முதல் இருபத்தொரு வருடமாக ஆயுத பூஜை தோறும் முதலாளி தொடுவார், பிறகு குடும்பம் தொடும், பிறகு தொழிலாளர்கள் வரிசையில் நின்று தொடுவார்கள்.

இதே தொழிலாளர்கள்தான் தினமும் காலையில் ஷெட்டுக்குள் நுழையும் முன்பு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். உடம்பில் கொஞ்சநஞ்சம் மின்சாரம் ஏறியிருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பற்றிக்கொள்ளும். மின்சாரம் கசிந்தால் ஷெட்டில் ஆபத்து, ஆபீசில் ஆசீர்வாதம்.

இந்த வருடப் பூஜையன்று வெள்ளைத்துரை பட்டு வேட்டி கட்டி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

ஒன்றும் வரவில்லை.

அழுத்தி வைத்தார். உள்ளே பல்பு போன்ற வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். பின்னால் நூற்றிருபது பேர்.

வெள்ளைத்துரை கையை வெடுக்கென்று இழுத்துக் கண்ணை மூடினார். "அப்பா," என்றார்.

அடுத்து மகன் செந்தூர்பாண்டி. மதுரையில் எம்.பி.ஏ. முடித்தவன். விசிட்டிங் கார்டில் 'டைரக்டர் – ஸ்ட்ராட்டஜி' என்று இருக்கும். தொட்டதும் தோள் வரை உதறினான். "இந்த வருசம் ஓவர் வோல்டேஜ்ப்பா," என்றான்.

அதற்கு அடுத்து நின்ற கணக்குப்பிள்ளை அரை அடி துள்ளினார். ஆபீஸ் ஆட்கள் அவரவர் சம்பளத்துக்குத் தகுந்தபடி நடுங்கினார்கள்.

வெள்ளைத்துரை ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். எனக்கு வராதது இவங்களுக்கு மட்டும் எப்படி வருது? அப்பா என்மேல் மட்டும் கோபமாக இருக்கிறாரா? அல்லது இவன்களெல்லாம் நடிக்கிறான்களா? நடிக்கிறான்கள் என்றால், நான் நடித்தது இவன்களுக்குத் தெரியுமா?

வரிசையில் திரி வெட்டும் பிரிவின் சுப்புத்தாய் வந்தாள். தொட்டாள். மறுபடி தொட்டாள்.

"மொதலாளி, கரண்டு இல்லையா?"

"உள்ள லைட்டு எரியுதுல்ல? நல்லாத் தொட்டுப் பாரு."

"ரெண்டு கையாலயும் தொட்டுட்டேன். போன வருசம் வளையல் வரைக்கும் ஏறுச்சு. இப்ப எங்க வீட்டு அம்மிக்கல்லு மாதிரி கிடக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை தன் கையைத் தடவிக்கொண்டிருந்ததை மெதுவாக நிறுத்தினார்.

"எல்லாருக்கும் பொரி குடுங்க," என்றார் வெள்ளைத்துரை. "செந்தூரு, உள்ள வா. கதவச் சாத்து."

பொரித் தட்டோடு நின்ற ஹர்ஷினிக்குக் கை நடுங்கியது. அந்த ஆபீசில் அன்று உண்மையாக நடுங்கிய ஒரே கை அதுதான்.

பெட்டிக்குள் எந்தப் பாகம் போயிற்று, எந்தப் பாகம் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். கடையில் விற்கும் புது ஆம்ப்ளிஃபயரில் கிடார் வாசித்தால் தகரத்தில் கல் விழுவது போல இருக்கிறது, வால்வு வைத்த பழைய பெட்டியில் வாசித்தால்தான் தந்திக்குத் தொண்டை கிடைக்கும் என்று கல்லூரியில் யாரோ அவள் தலையில் ஏற்றிவிட்டார்கள். தேடிப்பார்த்தால் ஊரில் வால்வு எரியும் ஒரே பெட்டி, அப்பா மாலை போட்டு வைத்திருக்கும் பெட்டி. ஆகஸ்டில் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். "அது தாத்தாம்மா," என்று அவர் முடித்துவிட்டார்.

அவள் முனியராஜிடம் போனாள்.

முனியராஜ் கம்பெனியின் ஃபோர்மேன். நாற்பத்தாறு வயது. இடிதாங்கி, எர்த் கம்பி, ஆபீஸ் ஒயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. பேழையின் சாவியும் அவரிடம்தான். பெட்டியை இங்கேயே ஆபீசில் வைத்துக் கிடாருக்கு ஏற்றபடி மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மருந்து இருக்கிற காம்பவுண்டுக்குள்ள ஈயம் உருக்கப்படாது பாப்பா. முதலாளி மகளா இருந்தாலும் படாது. ஆமத்தூர்ல எங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் காலையில் பெட்டியைத் துண்டு போட்டு மூடி மொபெட்டில் வைத்துக் கொண்டுபோனார். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து பேழையில் வைத்துப் பூட்டினார். விதியை மதித்து நடந்த அந்த மூன்று பயணங்கள்தான் அவரை இப்போது மாட்டிவிடப் போகின்றன.

ஹர்ஷினி பொரியை யாரிடமோ நீட்டிவிட்டுத் திரும்பியபோது, அம்மா செல்லக்கனி பக்கத்தில் நின்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நீதானே?"

"என்னம்மா?"

"உன் சட்டையில மூணு வாரமா ஈயம் பத்தவச்ச வாடை. துவைக்கிறது நாந்தானே. பொட்டியத் திறந்தியா?"

"திறந்தேம்மா."

"மேல் மூடிய மட்டுமா, அடித்தகட்டையுமா?"

ஹர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். மிக்ஸியில் ஃபியூஸ் போனால்கூட 'அண்ணனக் கூப்பிடு' என்று தள்ளி நிற்கிறவள். ஆம்ப்ளிஃபயருக்கு அடித்தகடு என்று ஒன்று இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏம்மா கேக்குற?"

"சும்மாதான்," என்று செல்லக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே ஸ்ட்ராட்டஜி தொடங்கியிருந்தது.

செந்தூர்பாண்டி வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகமான ஒரு காரியம் செய்தான். பெட்டியின் முகப்பில் இருந்த குங்குமப் பொட்டைத் துடைத்தான். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள் பளபளவென்று புது சாக்கெட். பின்னால் பார்த்தான். பழைய ரெண்டு பின் ஒயர் போய் மூணு பின் ஒயர் வந்திருந்தது.

"அப்பா, இது இன்சைடு ஜாப்."

"உள்ள நடந்ததுன்னு எனக்கும் தெரியும்லே. யாருன்னு சொல்லு."

வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் இரண்டு கேள்விக்குத் தாங்கினார். மூன்றாவதில், "ஃபோர்மேன்தான் முதலாளி. ஞாயித்துக்கெழமை. துண்டு போட்டு மூடியிருந்துச்சு. சாமி படம்னு நெனச்சேன்," என்றார்.

முனியராஜை அழைத்தபோது கதவு திறந்தே இருந்தது. பொரி வாங்க வந்தவர்கள் பொரியை மென்றுகொண்டே ஜன்னலில் நின்றார்கள்.

"ஏலே முனியராசு," என்றார் வெள்ளைத்துரை. "எங்கப்பா எங்க?"

"முதலாளி?"

"பொட்டிக்குள்ள இருந்தாருல்ல. இருபத்தொரு வருசமா இருந்தவரு இன்னிக்கு இல்ல. ஒரிஜினல் சாமான எல்லாம் எவன்கிட்ட வித்த?"

முனியராஜ் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. ஹர்ஷினி நின்ற பக்கமும் பார்க்கவில்லை. "தூசி தட்டக் கொண்டு போனேன் முதலாளி."

"மூணு ஞாயித்துக்கெழமையா? அம்புட்டுத் தூசியா?"

"பழைய காப்பர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மார்க்கெட் வேல்யூ இருக்குப்பா," என்றான் செந்தூர்பாண்டி. "ஸ்டேஷனுக்குப் போன் போட்டுருவோமா?"

ஜன்னலில் மெல்லும் சத்தம் நின்றது. போலீஸ்கூடப் பெரிதில்லை. ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் மேல் திருட்டு என்று பேர் விழுந்தால், சாத்தூரிலிருந்து சிவகாசி வரைக்கும் எந்தக் கேட்டும் அவனுக்குத் திறக்காது. மருந்து அறைச் சாவி வைத்திருக்கிறவனை நம்ப முடியாது என்றால் அவனை வைத்து யார் என்ன செய்வார்கள்? அது முனியராஜுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"அவர விடுங்கப்பா," என்றாள் ஹர்ஷினி. "நான்தான் செஞ்சேன்."

வெள்ளைத்துரை மகளைப் பரிவோடு பார்த்தார். பெண் பிள்ளைகளுக்கு இளகிய மனசு என்று பல மேடைகளில் பேசியவர் அவர். "நீ உள்ள போம்மா. இவனக் காப்பாத்தணும்னு பொய் சொல்லாத."

"பொய் இல்லப்பா."

அவள் வெளியே போனாள். காரிலிருந்து கறுப்புப் பையை எடுத்து வந்தாள். வாட்ச்மேன் ரூமில் பழைய பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைத் தூக்கி வந்தாள். வாட்ச்மேன் கூரையைப் பார்த்துக்கொண்டார். அவள் ஸ்பீக்கரைப் பெட்டியோடு இணைத்து, சாக்கெட்டில் கிடார் ஒயரைச் சொருகி, ஒரு குமிழைத் திருப்பி, ஒரே ஒரு தந்தியைச் சுண்டினாள்.

எண்ணெய் காயும் சட்டியில் கடுகு விழுவதற்கு முன்பு ஒரு அமைதி இருக்குமே, அப்படி இருந்த அறையில் அந்த ஒற்றைச் சத்தம் எழுந்து, மெல்லத் தடித்து, ஓரங்களில் லேசாகக் கருகி, கண்ணாடிப் பேழை அதிர அதிர நின்றது. அவள் இன்னும் நாலைந்து தந்திகளைச் சேர்த்து மீட்டினாள். ஜன்னலில் சுப்புத்தாய், "ஆத்தீ, பொட்டி பாடுது," என்றாள்.

வெள்ளைத்துரையின் வாய் திறந்தது. ஒரு கணம் அவர் ஒலிவெடிச் செம்மலாக இல்லாமல், ஒரு பெண்ணின் அப்பாவாக மட்டும் இருந்தார். கணம் முடிந்தது.

"எங்கப்பா பொட்டியில சினிமாப் பாட்டா?"

"பாட்டே இல்லப்பா. சும்மா டெஸ்டிங்." ஹர்ஷினி பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தாள். "கழட்டுன சாமான் அம்புட்டும் இதுல இருக்கு. ஒரு ஸ்க்ரூ குறையாது. மைக் வர்ற பக்கத்தக் கிடாருக்கு மாத்திருக்கேன், ஹார்ன் போற பக்கத்த இந்த ஸ்பீக்கருக்கு மாத்திருக்கேன். காஞ்சு போன கண்டென்சர எல்லாம் எடுத்துட்டேன்." மெழுகு வழிந்து கறுத்த, சுண்டுவிரல் அளவு உருளை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இருபத்தொரு வருசமா உங்கள அடிச்சது இதுதான். கரண்டு இது வழியாக் கசிஞ்சு பொட்டி உடம்புக்கு வந்துச்சு. இத எடுத்துட்டு, மூணு பின் போட்டு எர்த் குடுத்தேன். நின்னுருச்சு. இன்னும் கொஞ்சம் கசிஞ்சிருந்தா ஒரு பூஜையில ஒருத்தர் போயிருப்பாக."

செல்லச்சாமி ஃபயர்ஒர்க்ஸ் இருபத்தொரு வருடமாக விழுந்து கும்பிட்ட தெய்வம், ஒன்றரை அங்குல பேப்பர் கண்டென்சர். வெள்ளைத்துரை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நூற்றிருபது பேர் முன்னால் ஒரு மனிதர் இந்த நிலையில் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். சிரித்துவிடலாம். அல்லது யாரையாவது திருடனாக்கலாம். பட்டம் வாங்கியவர்களுக்கு முதலாவது கைவராது.

"எல்லாம் சரி," என்றார். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. இவன் கூட இருந்திருக்கான். இவன் என்ன எடுத்தான்னு உனக்கே தெரியாது. அடியக் கழட்டு. டிரான்ஸ்ஃபார்மர் பழசா புதுசான்னு என் கண்ணால பாக்கணும்."

"முதலாளி," என்றார் முனியராஜ். அன்று அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை. "அது வேண்டாம்."

"என்னது?"

"அடித்தகட்டக் கழட்ட வேண்டாம் முதலாளி. என்னய வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோங்க. எல்லாரும் நிக்கிறாக. இப்ப வேண்டாம்."

செந்தூர்பாண்டி அப்பாவைப் பார்த்தான். அப்பா செந்தூர்பாண்டியைப் பார்த்தார். நிரபராதி இப்படிப் பேசுவானா?

"விடுங்களேன்," என்றாள் செல்லக்கனி, கதவோரத்திலிருந்து. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?"

ஹர்ஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முனியராஜ் அண்ணன் திறக்க வேண்டாம் என்கிறார். அம்மாவும் வேண்டாம் என்கிறாள். ஒரே தகடு. இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் என்ன பயம்?

அவளுக்குத் தெரிந்து அடியில் இருந்தது ஒரு தாளும் ஒரு பெயரும்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை தகட்டைக் கழற்றியபோது உட்பக்கம் முழுக்க ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. சூடேறும் வால்வுக்குக் கீழே பேப்பர். பட்டாசுக்காரர் வீட்டில் இப்படி ஒரு கூத்தா என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் தொட்டு உரித்தாள். அடியில் சிவப்புப் பெயிண்டில் ஏதோ பெயர் இருந்தது. அவள் வாய்விட்டு வாசித்தபோது முனியராஜ் ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "மைக் செட்டுக்காரங்க எல்லாப் பொட்டியிலயும் பேரு எழுதியிருப்பாக பாப்பா. அத அப்படியே விட்டுருங்க," என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

"கழட்டும்மா," என்றார் வெள்ளைத்துரை.

"ப்ளக்கப் புடுங்கி அஞ்சு நிமிசம் பொறுக்கணும்ப்பா. உள்ள கரண்டு தங்கியிருக்கும். அத இறக்கணும்."

ஆகவே நீதி ஐந்து நிமிடம் காத்திருந்தது. ஜன்னலில் மறுபடி பொரி மெல்லும் சத்தம் கேட்டது. ஹர்ஷினி ஒரு ஒயரை வைத்து மின்சாரத்தை இறக்கினாள். பெட்டியைக் கவிழ்த்து எட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டைத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

டிரான்ஸ்ஃபார்மர் பழையதுதான். துருவும் தூசியும் அப்படியே இருந்தன. ஆனால் யாரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கவில்லை.

திருவிழாவில் நாலு மைக் செட் ஒன்றாக வந்திறங்கும். விடிந்து மூட்டை கட்டும்போது பெட்டி மாறும். சில சமயம் மாற்றப்படும். வெளியே எழுதிய பெயரை மணல் தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். அதனால் அந்தத் தொழிலில் விவரமானவர்கள் அடித்தகட்டின் உட்பக்கம் எழுதுவார்கள். அங்கே தேய்க்க யாருக்கும் தோன்றாது.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் சுப்புத்தாய், ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து. "படிக்கத் தெரிஞ்சவுக படிச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்."

ஹர்ஷினி வாசித்தாள். "இருளாண்டி சவுண்ட் சர்வீஸ், ஆமத்தூர். சுபகாரியங்களுக்கு வாடகைக்கு விடப்படும்."

"இருளாண்டியா?" சுப்புத்தாயின் குரல் இறங்கியது. "இவுக அய்யால்ல அது?"

எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். வெள்ளைத்துரை மட்டும் சுவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஃபிரேம் போட்டு மாட்டிய ஃபோர்மேன் சான்றிதழ் அங்கே தொங்கியது. 'இ. முனியராஜ், த/பெ. இருளாண்டி, ஆமத்தூர்.' பேழைக்கு நேர் எதிர்ச் சுவர். பத்தொன்பது வருடமாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

செந்தூர்பாண்டிக்கு ஸ்ட்ராட்டஜி தோன்றியது. "தாத்தா செகண்ட் ஹேண்டுல வாங்கியிருப்பாரு. அதுல என்ன இருக்கு?"

"ஆமா," என்றார் வெள்ளைத்துரை, அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு. "வெல குடுத்துத்தான் வாங்கியிருப்பாரு."

'சென்னையிலிருந்து வரவழைத்த' என்று பலகை தலைக்கு மேலே சொல்லிக்கொண்டிருந்தது. ஹர்ஷினி பிஸ்கட் டின்னின் அடியிலிருந்து, நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தாள். முருகன் படம். கீழே அவர்கள் கம்பெனிப் பெயர். 1988.

"வெல குடுத்து வாங்குன பொட்டியில, பேரு மேல நம்ம காலண்டர எதுக்குப்பா ஒட்டணும்?"

வெள்ளைத்துரை கையை விரித்துப் பார்த்தார். கையில் கண்டென்சர் மட்டும் இருந்தது.

ஹர்ஷினி முனியராஜ் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் சந்தேகம் அவர் மேல். "அண்ணே, இதப் பாக்கணும்னுதான் என் கூட வந்தீகளா?"

முனியராஜ் தகட்டிலிருந்த பெயரைப் பார்த்தார். "வாடகைக்குப் போன பொட்டி திரும்பி வரலன்னு எங்கய்யா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தப் பொட்டி போனதோட அவரு மைக் செட்டு தொழிலும் போச்சு, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாரு. அந்தப் பொட்டி இதுதானோன்னு எனக்குச் சந்தேகந்தான். இங்க பத்தொம்பது வருசம் சாவி வச்சிருந்தேன், ஒரு நாளும் திறந்து பாக்கல. முதலாளி சொல்லாமத் திறக்கிறது திருட்டு." அவள் பக்கம் திரும்பினார். "மொத ஞாயித்துக்கெழம அதப் பாக்கத்தான் வந்தேன் பாப்பா. மத்த ரெண்டும் உங்களுக்காக வந்தேன்."

பேழைச் சாவியை இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்த்து மேஜையில் வைத்தார். மருந்து அறைச் சாவியை வைக்கவில்லை.

"நாளைக்கு ஷெட்டுக்கு வாறேன் முதலாளி. ஒம்பதாம் நம்பர் ஷெட்டு வாசல்ல செம்புத் தகட்டுக்குப் போற எர்த் கம்பி லூசா இருக்கு. தீவாளி லோடு முடியிற வரைக்கும் அத அப்படியே விட முடியாது."

"பொட்டி?" என்றார் வெள்ளைத்துரை. குரல் மிகவும் சிறியதாக வந்தது.

"அது யாருதுன்னு நீங்க சொல்லுங்க. திருட்டுன்னு சொன்னதும் நீங்கதானே."

கதவோரத்தில் செல்லக்கனி ஒதுங்கி வழிவிட்டாள். தினமும் 'வாறேம்மா' என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

ஜன்னலில் ஆள் குறைந்தது. செந்தூர்பாண்டிக்கு முக்கியமான போன் ஒன்று ஞாபகம் வந்து, போன் அனுமதிக்கப்பட்ட கேட்டுக்கு வெளியே போனான். அறையில் மூன்று பேரும், வயிறு திறந்து கிடக்கும் பெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

"எங்கப்பா அப்படிப்பட்ட ஆளு இல்ல," என்றார் வெள்ளைத்துரை, யாரையும் பார்க்காமல். "எவனாவது வேலக்காரன் தெரியாம ஒட்டியிருப்பான். துரு பிடிக்காம இருக்கட்டும்னு ஒட்டியிருப்பான்."

செல்லக்கனி மேஜைக்கு வந்தாள். காலண்டர் தாளை எடுத்து, மடிப்பை விரலால் நீவினாள்.

"வேலக்காரன் இல்லங்க. பசை காய்ச்சிக் குடுத்தது நான்."

"என்ன சொல்ற?"

"கல்யாணமாகி மூணாவது மாசம். நீங்க ஆர்டருக்குப் பம்பாய் போயிருந்தீக. மாமா மைதாப் பசை கேட்டாக, காய்ச்சிக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல. தாள ஒட்டி, தகட்ட மாட்டுனாக. அன்னிக்குச் சாயங்காலம் ஆமத்தூர்க்காரரு ஒருத்தரு பொட்டியக் கேட்டு வாசல்ல வந்து நின்னாரு. கையில ஒத்த மைக்கு மட்டும் வச்சிருந்தாரு."

ஹர்ஷினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா உள்ள இருந்து எனக்குச் சாடை காட்டுனாக. அப்படி ஒரு பொட்டி இந்த வீட்டுக்கு வரவேயில்லன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்." செல்லக்கனி தாளை முருகன் முகம் உள்ளே போகும்படி மடித்தாள். "பசை அப்பக் காயக்கூட இல்ல."